இரவல் முடிவு

"தம்பி ஆர்?" என்று அருளம்மா கேட்டபோது, அந்த அறையில் தம்பி என்று கூப்பிட ஆண்பிள்ளை ஒருவரும் இருக்கவில்லை.

மதியம் பன்னிரண்டரை இருக்கும். வெளியே சோழகக் காற்று புழுதியைக் கிளப்பி வேப்பமரத்தை உலுப்பிக்கொண்டிருந்தது. உள்ளே டெற்றோல் மணம். அதையும் மீறிக்கொண்டு, மகள் ஜெயரூபினி விடியக்காலை எழும்பிச் சமைத்து, முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த விளைமீன் குழம்பின் மணம். ஆஸ்பத்திரி வாட்டின் சத்தம் வரக்கூடாதென்று கதவைச் சாத்தியிருந்தார்கள். கட்டிலோடு ஒட்டிப் போட்ட கதிரையில் சுரேகா இருந்து, தட்டச்சுச் செய்த தாள்களில் கடைசித் தாளை நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தாள். அருளம்மாவின் வாழ்க்கைக் கதையின் முடிவு அந்தத் தாளில்தான் இருந்தது. பதினாறு வருடத்துக்கு முன் காணாமற்போன மகன் றெஜி வீடு திரும்புகிற இடம்.

'படலையைக் காலால் தள்ளித் திறந்துகொண்டு றெஜி உள்ளே வருகிறான். இடது காற்செருப்பு மட்டும் நிலத்தில் இழுபடுகிறது. அம்மா, தண்ணி என்கிறான்.'

அங்கேதான் அருளம்மா கேட்டாள். அதுவும் மகனைக் கண்ட தாயின் குரலில் அல்ல. முன்பின் அறியாத ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றால், கோபமும் இல்லாமல் உரிமையும் இல்லாமல் கேட்போமே, அந்தக் குரல்.

"ஆரைத் தேடி வந்தனீங்கள், தம்பி?"

சுரேகா திரும்பிப் பார்த்தாள். சாத்திய கதவு. பச்சைப் பெயின்ற். கதவுக்கும் நிலத்துக்கும் இடையில் விறாந்தை வெயில் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோடு இரண்டு இடத்தில், ஒரு ஆளின் இரண்டு கால் அகலத்தில், அறுந்திருந்தது.

"அம்மா, அது எங்கட றெஜி அண்ணா," என்றாள் ஜெயரூபினி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. கதை நன்றாக வேலை செய்கிறது என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

அருளம்மா தலையணையில் முகத்தை இரண்டு பக்கமும் அசைத்தாள். "என்ர பெடியனை எனக்குத் தெரியாதே?"

சுரேகா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். விறாந்தை வெறுமையாகக் கிடந்தது. கடைசிக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அவள் திரும்பி வந்து தாளை வாசித்து முடித்து வைத்தாள். அன்று பின்னேரம் அருளம்மா போய்விட்டாள். மேசையை ஒதுக்கும்போது, காலையில் நிறைத்து வைத்த தண்ணீர்ப் போத்தல் காலியாக இருந்தது. கட்டிலின் கீழே நிலம் நனைந்திருந்தது. யாரும் தொடாத சோற்றில் ஒரு நுள்ளு வெள்ளை மணல்.

"நாங்கள் கடற்கரைச் சனம் அக்கா," என்று ஜெயரூபினி அழுகைக்கு நடுவிலும் சொன்னாள். "மணல் எங்களோட எங்கையும் வரும்."

சுரேகா அந்த விளக்கத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அந்த வாட்டுக்கு நோவு மருந்து சில மாதம் வரும், சில மாதம் வராது. கதை மட்டும் ஒழுங்காக வந்தது. யாரோ ஒரு வெளிநாட்டு அமைப்பு, வவுனியாவில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் பயிற்சி, நடுவில் தேத்தண்ணியும் மீன் கட்லட்டும். சாகப்போகிறவர்களுக்குத் தங்கள் கதையைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், சொல்லி முடித்தவர்கள் அமைதியாகப் போகிறார்கள் என்று அங்கே சுரேகாவுக்குப் படிப்பித்த வெள்ளைத்தலை டொக்டர் அம்மா சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. மூன்று தரம் இருந்து கேட்க வேண்டும், போனில் பதிய வேண்டும், எழுதி வாசித்துக் காட்ட வேண்டும், அவர்கள் சொல்லும் திருத்தத்தைப் போட வேண்டும். வீட்டார் அவர்களுக்குப் பிடித்த சாப்பாட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கலாம். மணம் நினைவைக் கிளப்பும். ஒரு விதி மட்டும் இரும்பு மாதிரி. முடிவை நோயாளிதான் சொல்ல வேண்டும். கேட்கிறவர் ஒரு சொல்லும் தன்பாட்டில் சேர்க்கக்கூடாது.

வேறு ஊரில் எழுதிய விதி வன்னியில் எத்தனை நாளைக்குத் தாங்கும்? இங்கே ஒவ்வொரு தாயும் தகப்பனும் பிறந்தது, படித்தது, கலியாணம், வயல், இடம்பெயர்வு என்று மளமளவென்று சொல்லிக்கொண்டு வருவார்கள். யுத்தம் முடிந்த, பிள்ளைகள் காணாமற்போன இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதம் வந்ததும் நின்றுவிடுவார்கள். பிறகு என்று கேட்டால், "பிறகென்ன, பாத்துக்கொண்டிருக்கிறன்" என்பார்கள். பிள்ளை உயிரோடு இல்லை என்று சொல்ல வாய் வராது. இருக்கிறான் என்று சொல்லக் கையில் ஒன்றும் இல்லை. கதைக்கு முடிவில்லை, உயிரும் போகாது. உடம்பு எல்லாம் முடிந்து, கண் மட்டும் வாசலைப் பார்த்தபடி நாட்கணக்கில் கிடப்பார்கள்.

ஓமந்தையிலிருந்து வந்த ஒரு தாய் பத்தொன்பது நாள் அப்படிக் கிடந்தா. இருபதாம் நாள் சுரேகா வீட்டில் இருந்து ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனாள். மகன் வருகிறான். அவ்வளவுதான். வாசித்து முடித்து ஒரு மணித்தியாலத்தில் அந்தத் தாயின் கண் மூடியது. நேர்ஸ்மார் சுரேகாவைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். அறிக்கையில் நல்லதாக நாலு வரி எழுதினார்கள். அதற்குப் பிறகு பத்துப் பேர். பெயரை மாற்றுவாள், ஊரை மாற்றுவாள். வருகிறவனை மட்டும் மாற்றவில்லை.

மாற்றத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. கண்டறியாத பிள்ளைகளை எப்படி நடக்கவைப்பது? திரும்பி வராத ஒருவனைத்தான் அவளுக்குத் தெரியும். அவளுடைய அண்ணன் கிருபன். படலையைக் கையால் திறக்க மாட்டான், சோம்பேறி, காலால்தான் தள்ளுவான். இடது செருப்பை இழுத்து இழுத்து நடப்பான். வந்ததும் முதல் சொல், தண்ணி. ஆக, பதினொரு பேருடைய வாசலிலும் அவன்தான் வந்து நின்றான்.

அருளம்மாவுக்குப் பிறகு இரண்டு கிழமை சுரேகா ஒருவருக்கும் வாசிக்கவில்லை. ஆனால் யோகநாதன் ஐயா கிடந்த கிடைக்கு இல்லையென்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. புதுக்குடியிருப்புக்காரர், சுவாசப்பையில் புற்று, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு கிடந்தார். காணாமற்போன மகன் சுகிர்தனுக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி பிடிக்கும் என்று மருமகள் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள்.

சுரேகா கதவைச் சாத்தினாள். வாசிக்கத் தொடங்கினாள். வெளியே காற்று, தூரத்தில் நெல் வெட்டுகிற மெசினின் ஒரே சுருதியான இரைச்சல், சுவர்க்கடிகாரத்தின் முள், ஐயாவின் மூச்சு, அந்த மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் வேறொரு சத்தம். விறாந்தைச் சீமெந்தில் றப்பர் செருப்பு ஒன்று இழுபடுகிற சத்தம். ஒரு கால் சத்தமில்லாமல் விழும். மற்றக் கால் இழுபடும். அவள் இன்னும் அந்த வரிக்கு வரவில்லை. இரண்டு பக்கம் இருந்தது.

யோகநாதன் ஐயா கண்ணைத் திறந்தார்.

"பிள்ளை, உந்தப் பெடியனைக் கொஞ்சம் வெளியிலை நிக்கச் சொல்லு. என்ர மகன் வாற நேரம்."

"எந்தப் பெடியன் ஐயா?"

"உதிலை. உனக்குப் பின்னாலை."

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. ஆனால் பின்கழுத்தில் குளிர் இல்லை, வெக்கை பட்டது. நண்பகல் கடற்கரை மணலின் வெக்கை. வெடிமருந்தும் ஈரமும் கலந்த ஒரு மணம். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகள் ஒன்றும் விளங்கவில்லை.

"பாவம்," என்றார் ஐயா. "தண்ணி கேக்குது போலை. வாயெல்லாம் மண். குடிக்கேலாமல் நிக்குது."

சுரேகாவின் கையிலிருந்து தாள்கள் நழுவின.

மண் எந்தக் கதையிலும் இல்லை. மண்ணைப் பற்றி அவள் ஒரு எழுத்தும் எழுதியதில்லை, ஒருவருக்கும் சொன்னதில்லை. பெற்ற தாய்க்குக்கூடச் சொன்னதில்லை. முள்ளிவாய்க்காலில் கடற்கரை மணலுக்குள் வெட்டிய பங்கர் அது. அம்மா கஞ்சி வாங்கப் போயிருந்தா. அவளுக்குப் பதினேழு வயது, கிருபனுக்கு இருபது. ஷெல் விழுந்து பங்கர் சரிந்தது. வாசலோடு இருந்தபடியால் அவள் வெளியே வந்துவிட்டாள். அண்ணனின் முகமும் ஒரு கையும் மட்டும் மணலுக்கு மேலே தெரிந்தன. "தங்கச்சி, தண்ணி," என்றான். அவள் கையால் கிண்டினாள். கிண்டக் கிண்டக் கரைமணல் சரிந்து அவன் வாய்க்குள்தான் போனது. பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. அவள் எழும்பி ஓடினாள். ஓடும்போது அவன் கை அசைந்துகொண்டிருந்தது. செத்த பிறகு விட்டுவிட்டு வந்தேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்க அவளுக்கு ஒரு நாளும் இயலவில்லை.

சனத்துக்குள் அம்மாவைக் கண்டபோது வாயில் வந்ததைச் சொன்னாள். "அண்ணா சனத்தோட முன்னுக்குப் போயிட்டான்."

அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா பதினாறு வருடம் நடந்தா. முகாம், சிறைச்சாலை, ஆணைக்குழு, பிறகு காணாமற்போனவர்களின் உறவுகள் போராடுகிற றோட்டோரக் கொட்டகை, மடியில் படம்.

யோகநாதன் ஐயா கேட்டது மகனை. மகன் வரவில்லை. அடுத்த நாள் விடிய அவர் போகும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாராம். அந்நிய ஆளுக்கு முன்னால் உடுப்பு மாற்றுகிற மாதிரி ஒரு கூச்சம் அந்த முகத்தில் இருந்தது என்று மருமகள் சொன்னாள்.

அறையைக் கழுவ வந்தவர் ராஜரத்தினம். அந்த வாட்டில் இருபது வருடமாகக் கூட்டித் துடைக்கிறவர், பிணங்களைச் சுற்றிக் கட்டுகிறவரும் அவர்தான். விளக்குமாற்றால் கூட்டி அள்ளியதைச் சுரேகாவுக்கு நீட்டிக் காட்டினார். ஒரு சிரட்டை நிறைய வெள்ளை மணல்.

"உது எங்கட முற்றத்து மண் இல்லை, பிள்ளை. கடல்மண். நீ வாசிக்கிற நாளிலைதான் கூட்டுப்படுது."

"காத்துக்கு வந்திருக்கும் அண்ணை."

"இஞ்சையிருந்து கடல் எவ்வளவு தூரம்?" அவர் சிரட்டையை மேசையில் வைத்தார். "கோவிக்காதை. கதவைச் சாத்தி, விருப்பமான சாப்பாட்டை வைச்சு, வா வா எண்டு கூப்பிட்டால் அது என்ன? செத்த வீடு முடிஞ்சு எட்டாம் நாள் எட்டுச்செலவு எண்டு நாங்கள் செய்யிறது உதைத்தானே?"

"நான் கதைதான் வாசிச்சனான்."

"காணாமல் போனவைக்கு இஞ்சை ஒருத்தரும் படைக்கிறேல்லை. படைச்சால் செத்திட்டான் எண்டு ஆயிடும் எண்டு பயம். அப்ப எல்லாரும் பசியோடதான் நிக்கினம். நீ கூப்பிட்டிருக்கிறாய். எட்டுச்செலவு முடிய நாங்கள் எல்லாத்தையும் கொண்டுபோய்ச் சந்தியிலை வைச்சுப்போட்டு, போ எண்டு சொல்லி, திரும்பிப் பாராமல் வருவம். நீ அனுப்பினனியே?"

அவருக்குத் தெரிந்தது பாதிதான். பன்னிரண்டு பெயர் சொல்லிச் சுரேகா ஒரே ஆளைக் கூப்பிட்டிருக்கிறாள். ஊர் ஊராக, கட்டில் கட்டிலாக, யாருடைய அம்மா என்று தெரியாமல் அவன் போய்ப் போய் நின்றிருக்கிறான். அவர்களும் நீ எங்கள் பிள்ளை இல்லை என்று, வாய்விட்டோ மனதுக்குள்ளோ, சொல்லிச் சொல்லிச் செத்திருக்கிறார்கள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பரந்தனுக்குப் பஸ் ஏறினாள்.

வீட்டில் அவளுடைய அம்மா இராசேஸ்வரி செத்துக்கொண்டிருந்தா.

அதிலும் ஒளிக்க ஒன்றுமில்லை. வயிற்றில் புற்று. வாட்டில் கிடக்க மாட்டேன் என்று அடம்பிடித்து வீட்டுக்கு வந்து, முன் அறையில் வாசலைப் பார்த்தபடி கட்டிலைப் போடச் சொல்லி, அதில் கிடந்தா. பின்னால் வாய்க்கால், முன்னால் முற்றம், முற்றத்தின் முடிவில் தகரப் படலை. தலைமாட்டில் கிருபனின் படம், கொட்டகையில் மழைக்கும் வெயிலுக்கும் இருந்து மூலைகள் ஊதிப்போனது.

"ஊருக்கெல்லாம் கதை வாசிக்கிறியாம்," என்றா அம்மா இரவு. குரலில் பழைய நக்கல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. "எனக்கு வாசிச்சால் நான் போயிடுவன் எண்டு பயமோ?"

"உங்களுக்கு எழுதேல்லை அம்மா."

"எழுதின முடிவு எனக்கு வேண்டாம் பிள்ளை. அவன் வாறான், குந்தியிருந்து சாப்பிடுறான் எண்டு நீ மற்றவைக்குச் சொன்னதைக் கேள்விப்பட்டனான். எனக்கு உது வேண்டாம்." நோவு ஒன்று வந்து போகும்வரை அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தா. "கண்டதைச் சொல்லு. கடைசியா அவனைக் கண்டது நீதானே. அவன் எப்படிப் போனான், என்ன உடுத்திருந்தவன், திரும்பிப் பாத்தவனோ. உதுகளைக் கேட்டுக்கொண்டு போனால் போதும்."

"நாளைக்குச் சொல்லுறன் அம்மா."

சொல்லத்தான் நினைத்தாள். அதை நம்பவேண்டும். இரவு முழுக்க அந்தச் சொற்களைத் தேடி எடுத்து, கோத்து, வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். சொன்னால் அம்மாவின் கண் தன்னை எப்படிப் பார்க்கும் என்பது ஒன்றுதான் அவளுடைய பயம். அதைப் பதினாறு வருடம் தள்ளிப்போட்டாயிற்று. இன்னும் ஒன்றோ இரண்டோ நாள்தான். அம்மா நம்பியபடியே கண்ணை மூடினால் அந்தக் கண்ணை ஒரு நாளும் சந்திக்க வேண்டி வராது. இந்த நினைப்பு வந்ததும் தன்னைத் தானே வெறுத்தாள். ஆனாலும் நினைப்பு போகவில்லை.

மறுநாள் எல்லாவற்றையும் கவனமாகச் செய்தாள். கதவை அகலத் திறந்து கல் வைத்தாள். அண்ணனுக்குப் பிடித்த முருங்கைக்காய்க் குழம்பு வை என்று அம்மா கேட்டும் வைக்கவில்லை, வெறும் கஞ்சிதான். வாசிக்கத் தாள் இல்லை, கூப்பிடப் பெயர் இல்லை. தட்டு, கோப்பை எல்லாவற்றையும் கழுவிக் குசினிக்குள் கவிழ்த்து வைத்தாள். அம்மாவின் உதடு நனைக்க ஒரு செம்புத் தண்ணீர் மட்டும் கட்டிலோரம் இருந்தது. அதை எடுக்க மனம் வரவில்லை.

நண்பகல். முற்றம் வெள்ளையாக எரிந்தது. சோழகம் படலைத் தகரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டேயிருந்தது. தூரத்து வயலில் மெசின் இரைந்தது. பக்கத்து வளவில் யாரோ உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் மூச்சு நீளமாக உள்ளே போய், எங்கோ தங்கி, யோசித்து யோசித்து வெளியே வந்தது.

"சொல்லு," என்றா அம்மா.

சுரேகா சொன்னாள். பங்கரைச் சொன்னாள். கிருபன் உடுத்திருந்த நீலச் சாரத்தைச் சொன்னாள். அம்மா கஞ்சிக்குப் போன திசையைச் சொன்னாள். முதல் ஷெல் கூவிக்கொண்டு வந்ததைச் சொன்னாள். அடுத்த சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அம்மாவின் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. பசித்த கண்கள்.

"பிறகு?"

"பிறகு," என்றாள் சுரேகா. "பிறகு அண்ணா எழும்பி... சனத்தோட முன்னுக்குப் போயிட்டான் அம்மா."

காற்று நின்றது.

மெசின் நின்றது. உரல் நின்றது. படலை அசையாமல் நின்றது.

பிறகு அது திறந்தது. கையால் அல்ல. கீழ்ப்பக்கத் தகரம் உள்ளே நெளிந்து, டங்கென்று ஒரு சத்தம். காலால் தள்ளினால் வருகிற சத்தம்.

முற்றத்தில் ஒருவரும் இல்லை. வெயில். மண். அந்த மண்ணில் ஒரு கோடு. இடது பக்கமாக ஒரு கோடு, கொஞ்சம் கொஞ்சமாக, வீட்டை நோக்கி நீண்டது. ஒரு இழுவை. ஒரு நிறுத்தம். ஒரு இழுவை.

படியில் ஏறியது.

வெக்கை உள்ளே வந்தது. வெடிமருந்து மணம். ஈரம்.

சுரேகா எழும்ப நினைத்தாள். அம்மாவைத்தான் பார்த்தாள். தம்பி ஆர் என்று கேட்டுவிடு. கடவுளே, நீயும் ஆர் என்று கேட்டுவிடு அம்மா.

அம்மா கேட்கவில்லை. அம்மாவின் முகம் திறந்தது. பதினாறு வருடமாக அந்த முகத்தில் ஒருவரும் காணாத ஒன்று வந்தது.

"அப்பு," என்றா. "வந்திட்டியே."

கட்டிலின் ஓரம் பதிந்தது. ஒரு ஆள் இருந்தால் பதிகிற அளவு.

"என்னடா இது? வாயைத் திற. திற அப்பு."

தலையைக்கூடத் தூக்க இயலாத அந்த மனுசி கையைத் தூக்கினா. வெறுங்காற்றில் ஒரு தாடையைப் பிடித்தா. சின்னப் பிள்ளை மண்ணைத் தின்றால் தாய்மார் எடுக்கிற மாதிரி, இரண்டு விரலை உள்ளே விட்டு வளைத்து எடுத்தா. சேலையில் மணல் விழுந்தது. வெள்ளை மணல். திரும்பவும் விட்டா. திரும்பவும் எடுத்தா. எடுக்க எடுக்க வந்தது. மார்பில், வயிற்றில், கட்டில் விரிப்பில், சரசரவென்று நிலத்தில். சுரேகாவின் கால்விரல்களுக்கு மேலும் விழுந்தது. சுட்டது.

"இவ்வளவும் ஆர் உனக்குள்ளை போட்டது?"

செம்பை எடுத்தா. சரித்தா. தண்ணீர் செம்பின் விளிம்பு தாண்டி விழுந்தது. நிலத்துக்கு வரவில்லை. நடுவிலேயே முடிந்தது. தொண்டையில் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. மடக், மடக். நெடுநேரம்.

செம்பு காலி.

"சொல்லு அப்பு," என்றா அம்மா, தலையணையில் சாய்ந்து, காதை அந்தப் பக்கம் கொடுத்து. "நீ சொல்லு. நான் கேக்கிறன்."

சுரேகாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. அம்மாவின் முகத்தை மட்டும் பார்க்க முடிந்தது.

"ம்," என்றா அம்மா.

கதை கேட்கிறவர்கள் கொட்டுகிற ம். வாட்டில் ஒவ்வொரு கட்டிலோரமும் இருந்து சுரேகா எத்தனையோ தரம் கொட்டியது.

"ம்."

உதட்டில் இன்னும் சிரிப்பு இருந்தது. நீலச் சாரம் வரைக்கும் வந்திருப்பான். கஞ்சி வரைக்கும் வந்திருப்பான்.

"ம்."

சிரிப்பு நின்றது. புருவங்கள் நெருங்கின. நெற்றியில் ஏதோ விளங்காத ஒரு கேள்வி ஓடியது. அது மெல்ல விளங்கிக்கொண்டு வந்தது.

"அம்மா," என்றாள் சுரேகா. "நான் சொல்லுறன் அம்மா. நானே சொல்லுறன். அவனை நிப்பாட்டச் சொல்லுங்கோ. கேளாதேங்கோ. நான்..."

"ம்."

அம்மாவின் கண்கள் அசையத் தொடங்கின. கட்டிலோரத்திலிருந்து, மெதுவாக, மிக மெதுவாக, கதிரைப் பக்கம். கதை எந்த இடத்துக்கு வந்துவிட்டது என்று சுரேகாவுக்குத் தெரிந்தது. கிண்டின இடம். கிண்டக் கிண்டச் சரிந்த இடம். பக்கத்தில் ஷெல் விழுந்த இடம்.

கண்கள் வந்து அவள் முகத்தில் நின்றன.

கை அசைந்த இடம்.

"ம்."

பேசமாட்டாவா? திட்டமாட்டாவா? ஒரு சொல். ஒரு தூசணமாவது. ஒன்றும் இல்லை. அந்தப் பார்வை மட்டும் இருந்தது. அதில் கோபம் இருந்திருந்தால் சுரேகா காலில் விழுந்திருப்பாள். தம்பி ஆர் என்று அருளம்மா வாசலைப் பார்த்துக் கேட்ட அதே முகம். வீட்டுக்குள் வந்து நிற்கிற அந்நிய ஆளைப் பார்க்கிற முகம்.

மூச்சு உள்ளே போனது. தங்கியது. வெளியே வரவில்லை.

சுரேகாவுக்குச் சாவைத் தெரியும். தாடை தளர்வது தெரியும், நகம் நீலமாவது தெரியும். எல்லாம் அவளுக்கு முன்னால், ஒன்றன்பின் ஒன்றாக, நடந்து முடிந்தன. மார்பில் கிடந்த மணல்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. கட்டிலோரத்துப் பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது. அவன் எழும்பவில்லை. அவனுடைய கதை முடியவில்லை.

ஒரு இலையான் இரைந்தபடி பறந்து வந்து அம்மாவின் திறந்த கண்ணில் இருந்தது. கண் இமைக்கவில்லை. சுரேகாவை விட்டு விலகவும் இல்லை.

"ம்," என்றா அம்மா.